ஐந்து பைட்

சோழிங்கநல்லூர், ஏழாவது மாடி.
கண்ணாடிக்கு வெளியே மெட்ரோ தூண்கள்
தலையில் கம்பி முளைத்து நிற்கின்றன.
உள்ளே ஒரே இரும்புப் பெட்டியில்
நாற்பது பொய் இயந்திரங்கள்.
ஒவ்வொன்றும் தன்னை முழுசென்று நம்புகிறது.

அதில் ஒன்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்
திரும்ப உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும்
கெர்னல் கேட்கிறது:
உனக்கு இன்டர்ரப்ட் கன்ட்ரோலர் இருக்கா?
இருக்கு.
இருக்கா?
இருக்கு.
நொடிக்கு எண்பதாயிரம் தரம்.
பிறக்கும்போதே முடிவான விஷயம்,
சாகிறவரை மாறாதது.
எழுதியவர் கெட்டவரில்லை.
ஒரு வரிதானே என்று நினைத்திருப்பார்.

பெரம்பூர் அத்தை, மண்டப வாசலில்
சந்தனக் கிண்ணத்தை நீட்டியபடியே:
"ஏதாவது விசேஷம் உண்டா?"
லிஃப்டில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்,
மும்தாஜ் அக்கா.
ரத்தம் எடுக்கும் பெண்கூட
ஊசி குத்திக்கொண்டே.
ஒரு வரிதான்.

ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினேன்.
கன்ட்ரோலர் இல்லாமல் பிறப்பவற்றை மட்டும்
எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் எண்.
அது பூஜ்யமாக இருக்கிறவரை
கேள்வி இருந்த இடத்தில்
ஐந்து பைட் வெறுமை.
செயலி அதை மிதித்துக் கடந்துவிடும்,
கால் தட்டாமல்.

வில்வநாதன் படித்துவிட்டு
இரண்டே சொல் எழுதினார்:
"பிறக்காமல் போனால்?"

ஆமாம்.
எண்ணைக் கூட்டிய பிறகு
நினைவகம் கிடைக்காமல் பாதியில் நின்றுபோகிற இயந்திரம்.
உருவாகவே இல்லை, அதனால் அழிப்பாரும் இல்லை.
எண் மட்டும் ஒன்றிலேயே நிற்கும்.
அதன் பிறகு பெட்டியில் இருக்கும் அத்தனை பேரிடமும்
மறுபடி கேள்வி, ரீபூட் ஆகும்வரை.

ஆடி மாசம். பதினோராவது வாரம்.
எழும்பூரில் ஒரு ஸ்கேன் அறை, ஏசி சத்தம்.
யாரிடமும் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை,
கழித்துச் சொல்ல.

பிழையில் முடியும் பாதையில் ஒரு வரி சேர்த்தேன்:
ஒன்றைக் குறை.
சோதனைக்காக ஆயிரம் தடவை பாதியில் விழவைத்தேன்,
என் கையாலேயே.
ஆயிரம் தடவையும் பூஜ்யத்துக்கு வந்தது.
வேகம் கூடியது
ஒரு சதவீதம்கூட இல்லை.
"போதும், சேர்த்துடலாம்" என்றார் வில்வநாதன்.

மேடவாக்கம் ஷேர் ஆட்டோ.
மீன்கூடையைக் காலுக்கடியில் நகர்த்தி
இடம் விட்டாள் ஒருத்தி.
பெரும்பாக்கம் வரை ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு, "மணி என்னம்மா?"

பார்த்துச் சொன்னேன். ஒன்பது இருபது.
சிக்னலில் இன்னொரு தரம் கேட்டாள்.
இன்னொரு தரம் பார்த்தேன்.
ஒன்பது இருபத்தொன்று.