மஞ்சள் சீட்டு

என் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும்
ஒட்டுகிற மஞ்சள் சீட்டுக் கட்டு ஒன்று.
மாதம் மூன்று கட்டு எதற்கென்று
ஸ்டோர் வர்கீஸ் கேட்பதில்லை.

ஃபஹாஹீல் மாலின் கழிப்பறையில்
கோப்பைக்குப் பின்சுவரில் ஒரு சிவப்புக் கண்.
ஆள் அசைந்தால் பார்க்கும்.
பார்த்தால் உறுமும், தண்ணீரைக் கொட்டும்.
தமீமுக்கு முன்னே நான் நுழைந்து
அந்தக் கண்ணில் ஒரு சீட்டை ஒட்டுகிறேன்.
"தூங்கிடுச்சா வாப்பா?"
"தூங்கிடுச்சு."
பிறகுதான் காலை எடுத்து வைப்பான்,
ஒன்பது வயசு,
பாம்புப் புற்றைத் தாண்டுகிறவன் போல.

கை உலர்த்தும் மெஷினுக்கு
என்னிடம் சீட்டு இல்லை.
யாராவது கையை நீட்டினால் போதும்,
அன்றைய பொழுது முடிந்தது.
ஒருமுறை ஒருவர், ஈரக் கையோடு,
மெஷினுக்கு அருகில் போனவர்
காதைப் பொத்தி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியில்
இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு வெளியேறினார்.
பெயர் தெரியாது.
துஆவில் "அந்த ஈரக் கைக்காரர்" என்று
சேர்த்திருக்கிறேன்.

போனில் மச்சான் கேட்கிறார்:
சத்தத்துக்கா பயப்படுறான், ஆம்பளப் புள்ள?
நான் ரிஃபைனரியில் பதினாலு வருஷம்
பம்புகளுக்கு நடுவே நின்றவன்.
போன மாசம் கம்பெனி டாக்டர்
என் காதின் வரைபடத்தைக் காட்டினார்.
கோடு நேராக வந்து வந்து
ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது.
மெல்லிய சத்தமெல்லாம் போச்சு, என்றார்.
கொசு, குருவி,
சபீனா அடுக்களையில் முணுமுணுப்பது.

மகனோ
சுவரில் சும்மா செருகிக் கிடக்கும் சார்ஜர்
அழுகிறது என்கிறான்.
காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
ஆனாலும் பிடுங்கினேன்.
தூங்கிப் போனான்.
இருட்டில் நான் கணக்குப் போட்டேன்:
என்னிடமிருந்து போனதெல்லாம்
எங்கே போய்ச் சேர்ந்தது?
டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார்.
சட்டைக் காலரின் லேபிளை வெட்டினேன்.
வெட்டிய தடமும் குத்துகிறதாம்.
சட்டையைத் திருப்பிப் போட்டுத்தான்
பெருநாள் தொழுகைக்குப் போனோம்.
யார் பார்த்தால் என்ன.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை புழுதி வந்தது.
ஸ்கூல் லீவு என்று மெசேஜ்.
சபீனா ஈரத் துண்டுகளை
ஜன்னல் இடுக்குகளில் திணித்தாள்.
எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் கிரேன்
முதலில் காணாமல் போனது,
பிறகு கட்டடம்,
பிறகு மினுக்கி மினுக்கி அவனை வதைக்கும்
பார்மசியின் பச்சை விளக்கு.
ஹாரன் இல்லை. டிரில் இல்லை.
இருந்த ஒன்றிரண்டு சத்தமும்
பஞ்சுக்குள்ளிருந்து வந்தன.
வெயிலுக்குக் கூர் இல்லை.

சபீனா ஓடினாள், அவன் காதைப் பொத்த.
அவனோ
நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த
காதுக்கவசத்தைத் தானே கழற்றி
சோபாவில் வைத்திருந்தான்.
நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து நின்றான்.
கைகள் இரண்டும்
வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.
அந்தக் கைகளை அப்படி
நான் பார்த்ததேயில்லை.

"வாப்பா, ஒட்டிட்டாங்க" என்றான்.
எதை என்று கேட்க வாயெடுத்தேன்.
ஜன்னல் முழுக்க மஞ்சள்,
நடுவில் மங்கலாய் ஒரு வட்டம்.

ஊரே இருமியது.
ஆஸ்த்மாக்காரர்களை ஏற்றிக்கொண்டு
ஆம்புலன்ஸ்கள் போயிருக்கும்.
இதைச் சந்தோஷம் என்று எழுத
எனக்குக் கூச்சமாக இருக்கிறது.
இரண்டு மணி நேரம் நின்றோம், பக்கத்தில் பக்கத்தில்,
கேட்காதவனும் கேட்டுத் தீராதவனும்.

மறுநாள் வெயில் பழையபடி.
கிரேன் திரும்பி வந்தது, பச்சை விளக்கும்.
எங்கள் வீட்டில் வேக்குவம் கிளீனர் கிடையாது.
ஈரத் துணியால் மூன்று நாள்
முழங்காலில் நின்று துடைத்தாள் சபீனா.
அந்த ஜன்னலோரத்தை மட்டும்
துடைக்க விடவில்லை அவன்.