பலூன் இறக்கும் வேலை

லோயர் பரேல் மாலுக்குள் இரவு ஒன்றரைக்கு
சரக்குக் கதவு வழியாக நுழைந்தோம்.
கதவின் அகலம் எண்பது சென்டிமீட்டர்,
எங்கள் ஸ்பைடர் லிஃப்ட் எழுபத்தொன்பது.
கைகால் மடக்கிய அதை ரிமோட்டில் நடத்தி,
கல்யாண வீட்டு யானையைப்
பந்தக்காலில் இடிக்காமல் ஓட்டுவதுபோல்
உள்ளே கூட்டிவந்தேன்.

சிக்கல் இதுதான்:
கண்ணாடிக் கூரைக்கு அடியில் ஒரு பலூன்.
நான்கு என்ற எண்ணின் வடிவில், வெள்ளித்தாள்.
எந்தப் பிள்ளையின் பிறந்தநாளோ,
கைநழுவிப் பன்னிரண்டு நாளாயிற்று.
அது மிதந்து மிதந்து
புகை பார்க்கும் சென்சாரின் கண்ணை மறைக்க
நேற்று மட்டும் மூன்று முறை சைரன்,
மூன்று முறையும் ஜனம் படியில் ஓடியது.
பலூன் இருநூறு ரூபாய் இருக்கும்.
எங்கள் ஓர் இரவு வாடகை முப்பத்திரண்டாயிரம்,
ஜிஎஸ்டி தனி.

பளிங்குத் தரையில் கீறல் விழுந்தால்
எங்கள் கம்பெனி பிழைக்காது.
நான்கு காலுக்கும் அடியில் ப்ளைவுட், ரப்பர் தட்டு.
மட்டக் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
யாரும் பேசவில்லை.

பிரகாசி கூடையில் ஏறினாள்.
பெல்ட்டின் கொக்கியை மாட்டி
இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.
அது அவள் வழக்கம்.
மூன்றாவது முறை நான் இழுத்துப் பார்ப்பது
என் வழக்கம்.

பிறகு எனக்கு அண்ணாந்து பார்ப்பதுதான் வேலை.
மேலே ஆள் இருக்கும்வரை
கீழே ஆள் நகரக் கூடாது,
ஒன்றுக்கு வந்தாலும்,
வீட்டிலிருந்து போன் வந்தாலும்.
மெஷின் மேலே நின்றுபோனால் திருகி இறக்க
என் முழங்கை உயரத்தில் ஒரு சிவப்பு வால்வு.
ஆறு வருடத்தில் பயிற்சி தவிர தொட்டதில்லை.
அது இருக்கிறதா என்று
தடவிப் பார்க்காத இரவும் இல்லை.

பதினாறு மீட்டரில் அவள் ஹெல்மெட்
ஒரு கொண்டைக்கடலை.
பீப் பீப் என்று கத்திவிட்டு
கை அதற்குமேல் நீளாது என்றது மெஷின்.
"அரை முழம் குறையுது," வாக்கி டாக்கியில் அவள்.

கூடையின் கம்பியில் ஏறி நின்றால் எட்டும்.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
இருவரும் அதைச் சொல்லவில்லை.
செக்யூரிட்டி திரிபாட்டிதான் சொன்னார்,
"ஒரு கால் வைக்கச் சொல்லு,
ரெண்டே செகண்டுதானே."
நான் காது கேளாதவனாக நின்றேன்.
கிரீஸ் வாசனை.
எங்கோ எஸ்கலேட்டர் அடியில் எலி.

"ஏசி போடச் சொல்லு," என்றாள் பிரகாசி.

திரிபாட்டி பேஸ்மென்டுக்குப் போன் போட்டார்.
யாரோ தூக்கத்திலிருந்து எழுந்து
ஏதோ ஸ்விட்சைத் தட்டியிருக்க வேண்டும்.
முதலில் துணிக்கடை பேனர் அசைந்தது.
அப்புறம் அந்த நான்கு
மெல்லத் தலை திருப்பி,
கூப்பிட்ட பிள்ளை மாதிரி
அவள் கைக்கே வந்தது.
ரிப்பனைப் பிடித்தாள்.

கீழே வந்தபோது அதற்குத் தம் இல்லை,
இடுப்பு உயரத்திலேயே நின்று ஆடியது.
மால் முழுவதையும் ஓடவைத்தது இதுவா
என்று திரிபாட்டி ஒரு விரலால் குத்திப் பார்த்தார்.
ஒப்படைப்புப் படிவத்தில்,
பொருள்: பலூன். எண்ணிக்கை: ஒன்று
என்று நான் எழுதியதை
அடித்துத் திருத்தி
நான்கு என்று போட்டு
சீல் வைத்தார்.

டெம்போ பரேல் பாலம் ஏறும்போது நாலரை மணி.
மெஷினை மடக்கிக் கட்டியாயிற்று.
அவள் தரையில் இருக்கிறாள், என் பக்கத்து சீட்டில்.
என் கழுத்து மட்டும் இன்னும் கீழே இறங்கவில்லை.
"அதுக்கு வால்வு எங்க இருக்கு?"
என்று கேட்டுவிட்டுத்
தூங்கிப் போனாள்.