இரவு 2:17

கேழ்வரகு மணியைவிடச் சற்றே பெரிய சில்லு.
பாதி உடம்பு வெயில் விழும் களம்,
மீதி, கணக்குப்பிள்ளை.

அரை வோல்ட்டுக்குக் கீழேதான் வரவு.
அதை ஏற்றி, இரட்டித்து,
எள்ளளவு மின்தேக்கியில் சேர்த்து,
போதுமா போதுமா என்று தொட்டுப் பார்த்து,
போதும் என்றால் விழித்து
மண்ணின் ஈரத்தை ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டு
உடனே படுத்துக்கொள்ளும்.
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருதரம்.
மேகம் மூடினால் மணிக்கு ஒருதரம்.
இருட்டினால் இல்லை.

கஷ்டமெல்லாம் முதல் விழிப்பில்தான்.
எழுப்புகிறவனுக்குக் கூலி தரவேண்டும்;
கூலியோ எழுந்த பிறகுதான் சம்பாத்தியம்.
இந்த முடிச்சை அவிழ்க்க
ஓசூர் ஆய்வகத்தில் எனக்குப் பதினாலு மாதம்.
நானோவாட் நானோவாட்டாகக் கசிவை அடைத்தேன்.
“சம்பளத்தை இப்படிப் பிடிச்சிருந்தா
ஒரு பிளாட்டே வாங்கியிருக்கலாம்க்கா”
என்றான் பக்கத்து மேசை இதாயத்.

பாலக்கோட்டுக்கு மேற்கே ஒரு தக்காளித் தோட்டத்தில்
ஆறு குச்சிகளில் ஆறு சில்லு நட்டுவந்தோம்.

செவ்வாய் தாண்டிய இரவு, நான்காம் குச்சி:
2:17. ஈரம் 31.
2:24. ஈரம் 31.
2:51. ஈரம் 58.
பிறகு விடியும்வரை பேச்சில்லை.

நிலா அல்ல.
நிலவொளி அதற்குக் காணாது, நானே அளந்திருக்கிறேன்.
கடிகாரமா, நிரலா, சாலிடர் விட்டுப்போயிற்றா,
மூன்று நாள் என்மேலேயே சந்தேகம்.
அடுத்த இரவும் பேசியது. அதற்கடுத்த இரவும்.

சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு மணிக்கு த்ரீ ஃபேஸ் வந்தது.
பின்னாலேயே மாதேஸ்வரி வந்தாள்:
நெற்றியில் கட்டிய விளக்கு,
தூக்கம் கழுவாத முகம்.
மோட்டாரைப் போட்டாள். வால்வைத் திருப்பினாள்.
நாலாம் குச்சியருகே குந்தினாள்.
அங்கேதான் சொட்டுக்குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளுமாம்.
தாலிச்சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றிக்
குனிந்து குத்திக்கொண்டிருந்தாள்,
ஒரு முழத் தூரத்தில் நெற்றி வெளிச்சம்
கேழ்வரகு மணிமேல் விழ விழ.

என் கையில் போன் அதிர்ந்தது.
2:13. ஈரம் 33.

“என்னங்க இந்நேரத்துல?”
“இது முழிச்சுக்கிச்சு.”
“கரண்ட் வந்தா முழிச்சுத்தானே ஆவணும்.
இந்த வாரம் ராத்திரி முறை.”

அறிக்கையில் எழுதி வைத்திருந்தேன்:
‘தவறான விழிப்பு, திருத்தவும்.’
செல்போன் வெளிச்சத்தில் அதை அடித்துவிட்டு எழுதினேன்:
‘ஒளி: நெற்றி விளக்கு, ஒரு முழம். மாதேஸ்வரி.’

வழக்கமாக ஐந்து மணிவரை ஓடவிடுவாளாம்,
போதுமா இல்லையா தெரியாததால்.
2:47-க்கு அவளைக் கூப்பிட்டு இன்னொருதரம் குனியச் சொன்னேன்.
ஐம்பத்தொன்பது.
“அப்ப போதுமா?”
“போதும்.”
“நெசமாவா?”
எனக்கே முழு நிச்சயமில்லை. தலையாட்டினேன்.

மோட்டார் நின்றது.
நெற்றி விளக்கை அணைத்துவிட்டுப்
பழகிய வரப்பில் போய்விட்டாள் படுக்க.
சில்லும் படுத்தது.
சார்ஜ் தீர்ந்த போனோடு நான்மட்டும்
தக்காளிச் செடிகளுக்கிடையில்
கீழே போட்ட வண்டிச் சாவியைத்
தடவிக்கொண்டிருந்தேன்.