சவுக்குத்தோப்பில் நாற்பது நிமிடம்

தேசிங்குக்கு வானம்.
எனக்கு எட்டு அங்குலத் திரை.
அப்படித்தான் பிரித்துக்கொண்டோம் வேலையை.

அவன் பார்ப்பது அதன் அடிவயிற்றை மட்டும்.
நான் பார்ப்பது அது பார்ப்பதை மட்டும்.
நடுவே பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு கார் பேட்டரி,
ஒரு பாட்டில் எரிபொருள்,
அதில் கலந்த விளக்கெண்ணெய் வாசம்.
புகை சட்டையில் ஏறி
டீக்கடை வரைக்கும் கூட வரும்.
"இன்னிக்கு யாருக்குப்பா பேதி?" என்பார் கடைக்காரர்.

தாழங்குடாவுக்குத் தெற்கே
மணலில் சுண்ணாம்புக் கல் நட்டு
நூற்றுப் பன்னிரண்டு மனையாக்கி
'அலைமகள் நகர்' என்று வளைவு வைத்திருந்தார் பாலகுரு.
மேலேயிருந்து எடுத்தால்
துபாய் மாதிரித் தெரியணும் என்றார்.
எடுத்தோம்.
பல் உதிர்ந்த சீப்பு மாதிரித் தெரிந்தது.

முதல் மாதமெல்லாம் நடுக்கம்.
கடல் நடுங்கும், கட்டுமரம் நடுங்கும்,
அண்ணாந்து நிற்கும் எங்கள் தலைகள்
உலைச்சோறாய்த் துள்ளும்.
பஞ்சு வைத்தோம். சோபா ஸ்பாஞ்ச் வைத்தோம்.
கடைசியில் தேசிங்கு
தன் ஹவாய் செருப்பைக் கழற்றி
பிளேடால் நான்கு துண்டு நறுக்கி
கேமராவுக்கு அடியில் செருகினான்.
நின்றது.
அன்று சுடுமணலில் வெறுங்காலோடு
குதித்துக் குதித்து ஓட்டினான்.
படம் மட்டும் அசையவே இல்லை.

பறக்கும்போதெல்லாம் கேட்பான்,
தலையைத் தாழ்த்தாமலே:
"என்ன தெரியுதுண்ணே?"
கெடிலம் கடலைத் தொடும் இடத்தில்
தண்ணீர் இரண்டு நிறமாய்ப் பிரிந்து கிடக்கும்.
வலை உலர்த்தும் ஒருத்தியின் நிழல்
அவளைவிட நீளமாய் இருக்கும்.
"கடல்" என்பேன்.

பதினொரு மணிக்குக் காற்று ஏறும்.
அதற்குள் இறக்கிவிட வேண்டும்.
பாலகுரு இன்னும் ஒரு சுற்று கேட்டார்,
வளைவுக்குக் கீழே அவர் கையசைப்பதாக.
மூக்கை எங்கள் பக்கம் திருப்பி வந்தது.
அப்படி வரும்போது
அதன் இடது நமக்கு வலது.
எதிரே வருபவனுக்கு வழிவிடப் போய்
இருவரும் ஒரே பக்கம் ஒதுங்குகிற சங்கதிதான்.
காற்று தள்ளியது.
திரையில் சவுக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது.
"லெப்ட்டு!" என்று கத்தினேன்.
யாருடைய லெப்ட்டு என்று சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.
கை திருப்பிவிட்டது.

திரையில் புள்ளிகள்.
தோப்புக்குள் கிளை முறியும் சத்தம்,
பிறகு காகங்கள்.

அவன் ஒரு பக்கம் தேடினான், நான் ஒரு பக்கம்.
பாலகுரு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
எனக்குக் கிடைத்தது ஓர் இறக்கை.
மிச்சத்தை அவன்தான் தூக்கி வந்தான்,
அடிபட்ட ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல.
ஒன்றும் பேசவில்லை.
மச்சானிடம் கடன்பட்டு வாங்கிய கேமரா.
நானும் பேசவில்லை.

ராத்திரி டேப்பைப் போட்டுப் பார்த்தேன்.
விழுந்த பிறகும் ஓடியிருக்கிறது.
மல்லாந்து கிடந்து அது தானாக எடுத்த நாற்பது நிமிடம்:
சவுக்கு ஊசிகள், இடுக்கில் வெளுத்த வானம்.
ஓர் எறும்பு லென்ஸின் குறுக்கே வந்தது,
நின்றது, மீசையைத் தடவிக்கொண்டது, போனது.
இத்தனை அமைதியான காட்சியை
நாங்கள் எடுத்ததே இல்லை.

முப்பத்தெட்டாவது நிமிடம் சருகுச் சத்தம்.
ஓரத்தில் தேசிங்கின் முகம், தலைகீழாக.
சிவப்பு விளக்கு நொறுங்கியிருந்தது;
ஓடுவது அவனுக்குத் தெரிந்திருக்காது.
குந்தினான். உடனே தொடவில்லை.
"அவரு சரியாத்தான் சொன்னாரு.
எனக்குத்தான் கை மாறிப்போச்சு"
என்றான், எறும்பிடமா இயந்திரத்திடமா தெரியவில்லை.

பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன்.
நான் கத்தியது எந்த லெப்ட்டு என்று
டேப்பில் தேடினேன்.
அங்கே விசிறிச் சத்தம் மட்டும்தான்.
எனக்கோ தெரியும்.

மறுநாள் ஒரு ஜோடி ஹவாய் வாங்கிக்கொண்டு போனேன்,
ஒன்பதாம் நம்பர், நீலப் பட்டை.
தரையில் பற்சக்கரங்களைப் பரப்பி வைத்து
மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான்.
"எதுக்குண்ணே?"
"ஸ்பேரு" என்றேன்.