திரும்பிப் போகும் அளவு

தொழிற்சாலைக்கு வந்த முதல் கேள்வி
சுமையைப் பற்றியதல்ல, விலையைப் பற்றியதுமல்ல.
பசையில் மாடு இருக்கிறதா?

கேட்டவர் பிக்குணி துவே லியன்.
வியட்நாமிலிருந்து வந்து
நார்வேயின் இந்தக் குளிர் ஊரில் குடியேறிய
நூற்றிருபது குடும்பங்கள்.
வாடகைக் கிடங்கில் இத்தனை வருடம் புத்தர்.
இப்போது சொந்தமாக ஒரு கூடம்,
வளைந்த மரத்தில்.

முன்பெல்லாம் பால்திரட்டுப் பசைதான் என்று எழுதினேன்.
இப்போது மெலமைன்.
எங்கள் சமையலறைத் தட்டுகளைப் போலவா?
அதே குடும்பம்.
அப்படியானால் ஒட்டுங்கள்.

ஒட்டினோம்.
ஸ்ப்ரூஸ் மரம், மியோசா ஏரிக்கு மேற்கே வெட்டியது.
பதினெட்டு மில்லி கனத்துக்கு இழைத்த பலகை.
தடித்தது வளையாமல் உடையும்.
மெலிந்தது வளையும், தனியே நிற்காது.
இருபத்தெட்டைச் சேர்த்து அடுக்கினால்
ஒரு கூரையின் பனியைத் தாங்கும்.
இதைப் போய் போதனையாக்கிவிடாதே
என்று குட்லைக்கிடம் சொல்லப் போனேன்;
காப்பி இடைவேளையிலேயே ஆக்கி முடித்திருந்தான்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு
ஒவ்வொரு பிடியாக இறுக்க வேண்டும்.
பசை பிதுங்கும். பலகைகள் முனகும்.
ஓர் இரவு முழுக்க யாரும் தொடக் கூடாது.
காலையில் பிடிகளைத் தளர்த்தினால்
வளைவு சற்றே திறந்துகொள்ளும்.
மரத்துக்கு ஞாபகம் என்பார்கள் வெளியாட்கள்.
எங்களுக்கு அது ஒன்பது மில்லி.
வரைபடத்தின் மூலையில் பென்சிலால் குறித்து
வேண்டியதைவிட அவ்வளவு கூடுதலாய் வளைப்போம்,
திரும்பிப் போகட்டும் என்று.

இதற்கெல்லாம் முன்னால், ஒரு டிசம்பர் மாலை,
கிடங்கில் கூட்டம்.
கட்டடக் கலைஞர் ஓய்ஸ்டைன் சின்ன மாதிரியைத் தூக்கிக் காட்டி
மகிழ்ச்சியோடு சொன்னார்:
கவிழ்த்து வைத்த படகு!

மொழிபெயர்க்கும் பையன் வாயைத் திறந்து மூடினான்.
பிறகு சொன்னான்.
ஹீட்டரின் இரைச்சல் மட்டும் மிச்சம்.

மீன் ஆலையில் துண்டு போடும் பிக் தாவ்
பின்வரிசையிலிருந்து எழுந்தார்.
எங்களுடையது கவிழவில்லை.
அடித்தட்டில் மல்லாந்து கிடந்து
அதன் விலாக்களை எண்ணினேன், பதினோரு இரவு.
இருபத்து மூன்று.
உங்களுடையதில் எத்தனை?

ஏழு, என்றார் ஓய்ஸ்டைன். காது சிவந்திருந்தது.

அப்போது இது அதுவல்ல.
கதவு எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும்.

உள்ளிருந்து திறக்குமா?

தீயணைப்புச் சட்டப்படி திறந்தாக வேண்டும் என்று
நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அது.
அவர் தலையசைத்து உட்கார்ந்தார்.
வாக்கெடுப்பு முடிந்தது.

மார்ச்சில் ஏழு வளைவும் லாரியில் போயின.
ஊர் எல்லை ரவுண்டானாவில்
வளைந்த மரத்தால் வளைய முடியவில்லை.
ஒரு பலகையைப் பிடுங்கி, பேருந்துகளை நிறுத்தி,
இரண்டு மணி நேரம் பின்னும் முன்னும்.
ஆரஞ்சு மேலங்கியில் துவே லியன்
போலீஸ்காரருக்குத் தேநீர் கொண்டு வந்தார்.
மஞ்சள் சால்வை போர்த்திய பெண்கள்
மரத்தை ஒவ்வொருவராய்த் தொட்டுப் பார்த்தார்கள்,
காய்ச்சல் இருக்கிறதா என்பதைப் போல.

திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு.
காலணி கழற்றி, ஓட்டைக் காலுறையோடு உள்ளே போனேன்.
மந்திரம் எனக்குப் புரியாது.
ஒட்டு வரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்:
இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இடைவெளி எதுவுமில்லை.

பிக் தாவ் தாமதமாக வந்தார்.
அண்ணாந்து பார்த்தார்; உதடு அசைந்தது.
ஏழில் நின்றது.
கதவுப் பக்கம் போய்
தாழ்ப்பாளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு
கடைசி வளைவின் அடியில் அமர்ந்து
முதுகைச் சாய்த்தார்.
சற்று நேரம் கழித்து
மரத்திலிருந்து கொஞ்சம் விலகினார்.
எவ்வளவு என்று நான் அளக்கவில்லை.

பிறகு நூடுல்ஸ் வந்தது, காளானோடு,
விளிம்பில் நீலப்பூ போட்ட தட்டில்.
நகத்தால் தட்டிப் பார்த்தேன்.
அதேதான்.