இழுத்துப் பார்க்க வந்தவள்

இருபத்தெட்டாம் நாள். சத்துவாச்சாரி மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டியின் சுவரில்
டீ கிளாஸ் வாயளவில் ஆறு இரும்பு வில்லைகள்.
பழசும் புதுசும் எவ்வளவு ஒட்டின என்று
இழுத்துப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

பூச்சில் பால் ஊற்றியிருக்கிறார் யேசுரத்தினம்.
கேனில் வரும் பால்; பில்லில் லேட்டெக்ஸ் என்றிருக்கும்.
ஊற்றினால் இந்த ஊர் வெயில்
சிமெண்ட்டின் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிடாது.
அதிகம் கலக்கினால் நுரை, நுரை போனால் ஓட்டை.
அடிப்பூச்சு விரலில் பிசுபிசுக்கும்போதே
மேல்பூச்சு ஏறிவிட வேண்டும். காய்ந்துவிட்டால்
ஒட்டவைக்க வந்ததே
நடுவில் நின்று பிரித்து வைக்கும்.

கைப்பிடியைச் சுற்றுகிறேன். முள் ஏறுகிறது.
ஒன்று... ஒன்றரை...
டக்.
"போச்சா மேடம்?"
திருப்பிக் காட்டினேன்: புதுப்பூச்சின் முதுகில்
ஜல்லியோடு பெயர்ந்து வந்திருந்தது பழைய காங்கிரீட்.
ஒட்டு விடவில்லை. விட்டது
முப்பது வருஷத்துக்கு முன் எவரோ கட்டியது.

அடுத்த நான்கும் அப்படியே.
ஆறாவது மட்டும் முள் நகருமுன்னே
வழவழவென்று கையோடு வந்தது.
நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"அந்த நேரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
பேத்தி."

படிவத்தில் காரணத்துக்கான கட்டம்
விரற்கடை அகலம்.
'அடிப்பூச்சு காய்ந்தது' என்று எழுதினேன்.
இரண்டே முக்கால் கிலோவாம்.
அதை எழுதவில்லை.