தாளின் பின்பக்கம்

மருத்துவர் கொடுத்த தாளில் ஆப்பிள் இருந்தது.
ஓட்ஸ் இருந்தது.
கொழுப்பு நீக்கிய பால், காலையில் ஒரு குவளை.
சோறு ஒரு கைப்பிடி.
தெய்வானைதான் வாசித்துச் சொன்னாள்,
பள்ளிக்கூடத்தில் அவள் கின் மாலா,
பர்மிய எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.
யார் கைக்கு ஒரு கைப்பிடி என்று கேட்டேன்.
அது போடவில்லையாம்.
என் கைக்கா,
பொழுதெல்லாம் சைக்கா மிதித்து வருகிற
கோட்டைச்சாமி கைக்கா?
சர்க்கரை அவருக்கு. தாள் எனக்கு.

கன்பே சந்தையில் ஆப்பிளைப் பார்த்தேன்.
ஒவ்வொன்றும் வலைச்சட்டை போட்டுக்கொண்டு
அதிகாரி வீட்டுப் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது.
விலை கேட்கவில்லை.
அடுத்த கூடையில் கொய்யா,
ஒன்றில் அணில் கடித்த வடு.
இரண்டு எடுத்தேன்.
வீட்டுக்கு வந்து
ஆப்பிளை அடிக்காமல் அதன் பக்கத்திலேயே
பென்சிலால் கொய்யா என்று எழுதினேன், தமிழில்.

ஓட்ஸுக்கு நேராக,
விடியுமுன் தலைத்தட்டோடு ஒருத்தி
பேபியோ பேபியோ என்று கூவி விற்கும்
முளைவிட்ட பட்டாணி.
பிறகு அதையும் வாங்காமல்
ஈரத்துணியில் நானே கட்டித் தொங்கவிட்டேன்.
பாலுக்கு நேராக
முள்ளோடு மெல்லுகிற பொடிமீன்.

கீரைக்கு மாலை ஆறுக்குமேல்தான் போவேன்.
மா சான் யீ பெய்தா என்பாள், நான் வீசை என்பேன்,
தராசு இரண்டுக்கும் தலையாட்டும்.
அந்நேரம் புளிச்சக்கீரை வாடியிருக்கும்,
விலையும் கொஞ்சம் வாடியிருக்கும்.
வாடின கீரை தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடும்.
எழுந்த விலைதான்
எதைத் தெளித்தாலும் உட்காராது.

கடலை எண்ணெய் கேட்டால்
கடைக்காரர் என் செருப்பைப் பார்க்கிறார்.
பொட்டலத்தில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டு
அன்றன்றைக்கு வாங்குகிறவளுக்குத்தான் விலை கூட.
மலிவாக வாங்கவும் கையில் முதல் வேண்டும்.
அப்படியே வாங்கினாலும் எங்கே வைக்க?
கரண்ட் வரும் நேரம் கரண்டுக்கே தெரியாது.
ஃபிரிட்ஜுக்குள் வெங்காயமும்
தெய்வானையின் பாடப் புத்தகங்களும்.

தாளின் பின்பக்கம் கணக்கு எழுதினேன்.
மூன்றாம் வாரம் இடித்தது.
நாளுக்கு ஆயிரத்தெண்ணூறு சாட்.
கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன்,
மகளின் பையைக்கூடத் தடவிப் பார்த்தேன்,
பாவம் அது.

செவ்வாய்க்கிழமை பஸ் ஜன்னல் வழியாகத் தெரிந்தது.
டீக்கடையில் முழங்கால் உயர முக்காலி,
கட்டிப்பால் ஊற்றின டீ,
எண்ணெய் மினுங்கும் நீளப் பலகாரம்,
கண்ணை மூடிக்கொண்டு என் வீட்டுக்காரர்.
உட்கார்ந்த பிறகும்
அவர் இடது கால் மிதித்துக்கொண்டிருந்தது.

திட்ட நினைத்து வைத்த வார்த்தையெல்லாம்
அந்தக் காலைப் பார்த்ததும் எங்கோ போயிற்று.
அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள்
இறங்காமல் போய்
வெயிலில் திரும்பி நடந்தேன்.
இருநூறு சாட் வீண்.
அதையும் எழுதினேன்.

மறுநாள் காலை
அவித்த பட்டாணியில் வெங்காயம் அரிந்து போட்டு
ஒரு முட்டையும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.
எதற்கு என்றார்.
பத்து மணிக்கு என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
துடைத்த மணியையே மறுபடி துடைத்தார்,
அது ஒருமுறை தானாக ஒலித்தது.

அன்றிரவு இடித்தது ஆயிரத்து இருநூறு.
பலகாரம் போயிருக்கிறது.
டீ இருக்கிறது.
தாளைத் திருப்பினேன்,
எதற்கு நேராக இதை எழுதுவது என்று
மெழுகுவத்தி அணையும்வரை தேடினேன்.
வியாழக்கிழமை ரத்தம் பார்க்க வேண்டும்.